பிள்ளைக்குச் சிறப்புத் தேவை, பெற்றோருக்கு விசா இல்லை: அமெரிக்காவில் என்ன வழி?

பிள்ளை அமெரிக்கக் குடிமகன், ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பெற்றோருக்கு கிரீன் கார்டு வராது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் பக்கமே போகாதீர்கள்.

பிள்ளையின் நிலைமை உண்மையிலேயே கைகொடுப்பது 'கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல்' மனுவில்தான், அதாவது நாடு கடத்தலை ரத்து செய்து கிரீன் கார்டு தரக் கேட்கும் மனு. 10 வருடம் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், உங்களை அனுப்பினால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைக்கு (21 வயதுக்குள், மணமாகாதவர்) சாதாரணப் பிரிவுத் துயரத்தையெல்லாம் தாண்டிய கடும் பாதிப்பு வரும் என்று காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், நாடு கடத்தல் வழக்கில் நீதிபதி முன்னால் மட்டுமே இதைக் கேட்க முடியும், அதுவும் வருடத்துக்கு 4,000 பேர்தான் வரம்பு. இதற்காக வலியப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வது, என்னைக் கேட்டால், சூதாட்டம்.

ஆதாரத்தை இப்போதே சேருங்கள். "ஆட்டிசம் உள்ளது" என்ற ஒரு வரிக் கடிதம் எடுபடாது. வாரத்துக்கு எத்தனை மணி ஸ்பீச் தெரபி, என்ன மாத்திரை, வலிப்பு வந்தால் இரவில் யார் பார்க்கிறார்கள், சொந்த ஊரில் அதே சிகிச்சை கிடைக்குமா என்பதெல்லாம் டாக்டர் அறிக்கையில் வேண்டும். பள்ளி தரும் ஐஇபி (பிள்ளைக்கென்றே எழுதும் சிறப்புக் கல்வித் திட்டம்) நகலை வருடாவருடம் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், 21 வயதான குடிமகப் பிள்ளை பெற்றோரின் கிரீன் கார்டுக்கு மனு போடலாம். விசாவில் வந்து தங்கிவிட்டவர் பொதுவாக அங்கிருந்தபடியே முடிக்கலாம். அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவர் பெரும்பாலும் வெளியேற வேண்டும், ஒரு வருடமோ அதற்கு மேலோ அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால், திரும்பி வர 10 வருடத் தடை. அந்தத் தடையை நீக்கப் பிள்ளையின் கஷ்டம் கணக்கில் வராது, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது உங்கள் பெற்றோரின் கஷ்டம்தான்.

நாடு கடத்தல் வழக்கு நோட்டீஸ் வந்துவிட்டதா? சரி, உடனே இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள், கோர்ட் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.