மெஷினைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்

ஒரு வாரம் முழுக்க எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அல்சைமர் வந்துவிட்டது. நோயாளிக்கும் சரி, ஒப்பீட்டுக்காகச் சேர்த்த ஆரோக்கியமானவருக்கும் சரி, தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டு பீட்டா 42 அளவு பாதாளத்தில் இருந்தது. அல்சைமரில் இந்தப் புரதம் மூளையிலேயே படிந்து தங்கிவிடும், அதனால் திரவத்தில் குறையும். அதுதான் நாங்கள் தேடும் அடையாளம். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்குமா?

மெஷினைச் சந்தேகப்பட்டோம். சோதனைக்கு ஊற்றும் ரசாயனமான ரீஏஜென்ட்டைச் சந்தேகப்பட்டோம். இரண்டு கிட் வீணாகப் போன பிறகு, புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு குழாயை விளக்குக்கு எதிரே பிடித்து, "இது ஏன் அண்ணா இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?" என்று கேட்டாள். அங்கேதான் விஷயம் இருந்தது. வழக்கமான பாலிப்ரொப்பிலீன் குழாய் தீர்ந்துபோய், யாரோ பாலிஸ்டைரீன் குழாயை எடுத்து வைத்திருந்தார்கள். அமிலாய்டு பீட்டா 42 பிசுக்குப் பிடித்த புரதம். பாலிஸ்டைரீன் சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். மெஷின் பாவம், மிச்சம் இருந்ததைச் சரியாகத்தான் அளந்தது.

நரம்புச் சிதைவு நோய்களுக்கான பயோமார்க்கர், அதாவது உடலில் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் பொருள், பற்றிய ஆய்வில் புதிதாக இறங்குபவர்களுக்கு அதனால்தான் நான் குழாயிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறேன். பாலிப்ரொப்பிலீன் கொஞ்சம் பால் கலந்தது போல மங்கலாக இருக்கும், அழுத்தினால் வளையும். பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், அழுத்தினால் படக்கென்று விரிசல் விடும். பெட்டி மேல் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாமல் ஒரு குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே தயாரிப்பாளர், ஒரே வகை, ஆய்வு முடியும் வரை. பாதியில் மாற்றாதீர்கள்.

பாலிப்ரொப்பிலீனிலும் கொஞ்சம் ஒட்டும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் போகும். குழாயில் பாதிகூட நிரப்பாமல் விட்டால் இன்னும் அதிகம் போகும், ஏனென்றால் திரவம் குறைவு, அது தொடும் சுவர் அதிகம். எனவே ஊசியிலிருந்து சொட்டுவதை நேராக இறுதிக் குழாயிலேயே பிடியுங்கள், பாதிக்கு மேல் நிரப்புங்கள். கூடவே அதே புரதத்தின் சற்றுக் குட்டையான வடிவமான அமிலாய்டு பீட்டா 40-ஐயும் அளந்து 42/40 விகிதம் போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒட்டுவதால் விகிதம் அவ்வளவாக ஆட்டம் காணாது. அந்த வாரத்து மாதிரிகளில் பெரும்பாலானவற்றை எங்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த விகிதம்தான்.

தண்டுவடத் திரவம் எடுப்பது மருத்துவர் வேலை. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் 3-க்கும் 4-க்கும் நடுவில், அல்லது 4-க்கும் 5-க்கும் நடுவில் ஊசி போகும். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் அதில் ஊசி படாது. நீங்கள் கவனிக்க வேண்டியது நிறம். தண்ணீர் போல இருக்க வேண்டும். முதல் சொட்டுகளில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அதைத் தனியாக ஒதுக்கிவிட்டுத் தெளிந்த பிறகு பிடியுங்கள். பார்கின்சன் ஆய்வென்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். அந்த நோயில் மூளையில் திரளும் புரதமான ஆல்ஃபா சைனுக்ளின் ரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளும் கொட்டிக் கிடக்கிறது. துளி ரத்தம் கலந்தாலும் நீங்கள் அளப்பது மூளையை அல்ல, ரத்தத்தை.

இப்போது பலரும் வருவது ரத்தப் பரிசோதனைக்குத்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவமான பிளாஸ்மாவில், அல்சைமரில் ஏறும் டௌ புரத வடிவமான பி-டௌ 217-க்கும் அமிலாய்டு பீட்டா 42-க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் பரிசோதனை அது. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, நினைவுக் குறைவு போன்ற அறிகுறிகளோடு வருபவர்களுக்கு மட்டும். சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று வருபவர்களுக்கு இல்லை. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட குழாய். எடுத்தவுடன் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள், எட்டுப் பத்து முறை. குலுக்காதீர்கள், சிவப்பணு உடையும். முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் போட்டு, மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுத்துவிடுங்கள். அடியோடு உறிஞ்ச ஆசைப்பட வேண்டாம், செல் அடுக்குக்கு மேல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். வைக்கோல் நிறம் இருந்தால் நல்லது. செர்ரி நிறம் வந்தால் அணு உடைந்திருக்கிறது, குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அவசரம் ஏன் என்றால், எல்லாப் புரதமும் ஒரே மாதிரிப் பொறுமைசாலி இல்லை. பி-டௌவும், நரம்பு சேதமானால் கசியும் புரதமான நியூரோஃபிலமென்ட்டும் மேசை மேல் சில மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அமிலாய்டு பீட்டா தாங்காது, அறை வெப்பத்தில் வைத்தால் சில மணி நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். அதோடு இன்னொரு சிக்கல். தண்டுவடத் திரவத்தில் 42/40 விகிதம் அல்சைமரில் பாதியளவுகூடக் குறையும். ரத்தத்திலோ குறைவது பத்து சதவீதத்தை ஒட்டித்தான். குழாயை மேசை மேல் விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போனால், அந்தப் பத்து சதவீதத்தை அந்த மதிய சாப்பாடே தின்றுவிடும். பி-டௌ 217 மடங்குக் கணக்கில் ஏறுவதால் இவ்வளவு நடுக்கம் இல்லை. ரத்தத்தில் எதை முதலில் அளப்பது என்று கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான்.

அப்புறம் ஃப்ரீசர். சிறு சிறு பங்காகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள், ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். லேபிளில் பேனாவால் எழுதினால் குளிரில் மை அழியும், அச்சடித்த உறைகுளிர் லேபிளே வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

மெஷினில் வைக்கும் குழிகள் கொண்ட தட்டான பிளேட்டில் மாதிரிகளை அடுக்கும்போது நோயாளிகள் எல்லாம் ஒரு பிளேட், ஆரோக்கியமானவர்கள் எல்லாம் இன்னொரு பிளேட் என்று போட்டால் முதலுக்கே மோசம். பிளேட்டுக்குப் பிளேட் உள்ள வேறுபாட்டையே நோயின் வேறுபாடு என்று கட்டுரை எழுதிவிடுவீர்கள். கலந்து போடுங்கள். மெஷினை ஓட்டுபவருக்கு யார் நோயாளி என்று தெரியக் கூடாது. ஒரே ஆளின் பல வருட மாதிரிகள் ஒரே பிளேட்டில் வரட்டும். ஒவ்வொரு பிளேட்டிலும், பலரின் மாதிரிகளைக் கலந்து வைத்த ஒரே பொதுக் கலவையைச் சேர்த்து ஓட்டுங்கள். அதன் எண் ஆடினால் அந்தப் பிளேட் முழுவதும் ஆடுகிறது என்று அர்த்தம்.

ஆட்களைச் சேர்க்கும்போது கேட்க வேண்டிய இரண்டு விஷயங்களைப் பலர் கோட்டை விடுகிறார்கள்: சிறுநீரகம், உடல் எடை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு பி-டௌவும் நியூரோஃபிலமென்ட்டும் மூளைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏறும். உடல் பருமன் அதிகம் என்றால் நியூரோஃபிலமென்ட் குறைத்துக் காட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் உயரமும் எடையும் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது. வயதையும் மறக்காதீர்கள், நியூரோஃபிலமென்ட் வயதோடு தானாகவே ஏறும். அது புகை மணி மாதிரி. நரம்பு எங்கோ சேதமாகிறது என்று சொல்லும், எந்த நோய் என்று சொல்லாது. பக்கவாதமாகவும் இருக்கலாம், தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் ஆகவும் இருக்கலாம், தலையில் பட்ட அடியாகவும் இருக்கலாம்.

ஆரோக்கியமானவர் என்று சேர்ப்பவரும் அவ்வளவு சுத்தமில்லை. 70 வயதில் நினைவாற்றல் நன்றாக இருப்பவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் மூளையில் அமிலாய்டு இருக்கும். அவர்களை 'நோயில்லாதவர்' பக்கம் போட்டுவிட்டு, பரிசோதனை தவறாகச் சொல்கிறது என்று திட்டுவது நியாயமில்லை. முடிந்தால் மூளையில் படிந்த அமிலாய்டைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேனோடு ஒப்பிடுங்கள்.

பார்கின்சனுக்கு இன்று நம்பிக்கை தருவது விதைப் பெருக்க முறை. தவறாக மடிந்த சைனுக்ளின் மாதிரியில் இருந்தால், சேர்த்துவிடும் நல்ல சைனுக்ளினையும் அது தன் பக்கம் இழுக்கும், திரளும் புரதத்தில் ஒட்டி ஒளிரும் தயோஃப்ளேவின் சாயத்தின் ஒளி ஏறும். திரையில் வளைவு சட்டென்று எழும்புவதைப் பார்ப்பது ஒரு தனி சுகம். ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், நோய் எவ்வளவு முற்றியது என்று சொல்லாது. எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றத்தால் வரும் பார்கின்சனில் நெகட்டிவ் வருவதும் சகஜம்.

எண்கள் வந்த பிறகு, நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியை எங்கே வைப்பது என்று உட்கார்ந்து தேடாதீர்கள். எங்கே வைத்தால் அழகாக வருமோ அங்கேதான் கை போகும். ஒரு குழுவில் புள்ளியை முடிவு செய்து, வேறொரு குழுவில் சோதியுங்கள். இரண்டு புள்ளி வைத்து நடுவில் ஒரு சாம்பல் பகுதி விடுவது இன்னும் நேர்மை. அங்கே விழுபவர்களுக்கு அடுத்த பரிசோதனை.

முன்னால் விட்ட வேறுபாட்டுக்கு வருகிறேன். ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரையும் நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்கிறது என்று வையுங்கள். நினைவு கிளினிக்குக்கு வரும் 1000 பேரில் 500 பேருக்கு நோய் என்றால், பாசிட்டிவ் வருவது 450 சரி, 50 தவறு. அதையே பொதுமக்களில் 1000 பேருக்குச் செய்கிறோம், 100 பேருக்குத்தான் நோய் என்றால், 90 சரி, 90 தவறு. பாசிட்டிவ் வந்தவரிடம் பேசுவதும் நாணயம் சுண்டுவதும் ஒன்றாகிவிடும். பரிசோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். உங்கள் கட்டுரையில் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. ரத்தம் கொடுத்தவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு என்ன வந்தது என்று சொல்வீர்களா?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். சொல்வதா, யார் சொல்வது, சொன்ன பிறகு யாரிடம் அனுப்புவது என்பது முதல் ஊசி போடும் முன்பே சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டும்.