விளம்பரத்தில் ஒரே இழுப்பில் போகிற பிசுக்கு, நம் வாணலியில் போகுமா?

டிவியில் ஒரு கை வரும். கறுத்துப்போன வாணலி மேல் நுரையைப் பீச்சும். பஞ்சால் ஒரே ஒரு இழுப்பு, பளிச்சென்று வெள்ளிக் கோடு. அதே நுரையை நாம் வாங்கிப் பீச்சி அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் கை வலிதான் மிச்சம். பொருள் போலியா, நமக்குத் தேய்க்கத் தெரியவில்லையா? வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

படி 1: எந்தப் பிசுக்கு என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

விரலில் வழுக்கினால் அது வெறும் எண்ணெய். கோந்து மாதிரி மஞ்சளாக ஒட்டினால் பாதி இறுகியது. நகமே சறுக்கிக்கொண்டு போகும் கறுப்பு ஓடு என்றால், அது இப்போது எண்ணெயே இல்லை.

இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சூட்டிலும் காற்றிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. மரச்சாமானில் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகுவதும் இதே வேலைதான். பஜ்ஜி பொரித்த வாணலியைப் பாருங்கள்: எண்ணெய் நிறைந்திருந்த அடிப்பகுதி கழுவினால் சுலபமாகச் சுத்தமாகிவிடும், அதற்கு மேலே தெறித்த வளையம்தான் போகாது. மெல்லிய படலம், நல்ல சூடு, சுற்றிலும் காற்று, வேறென்ன வேண்டும்? சூரியகாந்தி எண்ணெய் இப்படிச் சீக்கிரம் இறுகும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் குறைவு.

பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைத்து அடித்துக்கொண்டு போகும். கலக்க எண்ணெயே இல்லாதபோது அது என்ன செய்யும்? விளம்பரத்தில் ஓடுகிற பிசுக்கு பெரும்பாலும் முதல் வகை மாதிரிதான் தெரிகிறது. திரையின் ஓரத்தில் எறும்பு சைஸில் ஒரு நிபந்தனை வரி ஓடினால் நிறுத்தி வைத்துப் படியுங்கள். விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் அந்த வரியும் இருக்க வேண்டும் என்று 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது.

படி 2: பாத்திரம் எதனால் ஆனது?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப்போய் ஒரு பாத்திரத்தை இழந்திருக்கிறேன். "எல்லாப் பாத்திரத்துக்கும்" என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு ஸ்பிரேயை அலுமினிய ஆப்பச்சட்டியில் அடித்து ஊறவிட்டேன். பிசுக்கு கொஞ்சம் போனது உண்மை. சட்டி சாம்பல் கறுப்பாகி, துடைக்கத் துடைக்கத் துணியில் மை ஒட்டியது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் "அலுமினியத்தில் பயன்படுத்த வேண்டாம்" என்று இருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

பிசுக்கு நீக்கிகள் பலவற்றின் பலமே காரம்தான் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு நேர் எதிரான சோடா வகை). காரம் அலுமினியத்தை அரிக்கும். இண்டாலியம், அலுமினியக் குக்கர், ஹார்டு அனோடைஸ்டு எதிலும் காரம் கூடாது. நான்ஸ்டிக்கில் கம்பி நார் கூடாது. சோதனைக்கு ஒரு பழைய எவர்சில்வர் வாணலியை எடுங்கள்.

படி 3: நாலு துணி, நாலு மூலை

வாணலியைக் கவிழ்த்துப் போடுங்கள். தீ நக்கிக் கறுத்த அடிப்பக்கம்தான் நமக்குக் களம். உள்ளங்கை அளவில் நாலு பழைய துணித்துண்டுகள், கூடவே ரப்பர் கையுறை.

முதல் துணியை வெறும் வெந்நீரில் நனையுங்கள். இரண்டாவதை, வழக்கமான பாத்திரத் திரவம் கலந்த வெந்நீரில். மூன்றாவதை, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து அதில். நாலாவதில் விளம்பரப் பொருள். நாலையும் நாலு மூலையில் போட்டு, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் கவரை மூடுங்கள். அரை மணி நேரம் தொடாதீர்கள். லேபிளில் அதிக நேரம் போட்டிருந்தால் நாலுக்கும் அந்த நேரம்தான்.

வெந்நீர் எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் நடுவர். வெந்நீரில் ஊறியே போகிற அழுக்கைப் பொருளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஸ்பிரே வாங்குகிறவர்கள் அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள், புது நார் எடுப்பார்கள், அழுத்தித் தேய்ப்பார்கள். இத்தனைக்கும் பாராட்டு மட்டும் பாட்டிலுக்குப் போய்விடும்.

படி 4: எண்ணித் தேயுங்கள்

ஒரே பச்சை நாரை நாலாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் இருபது தடவை, ஒரே அழுத்தம். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முன்பு எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

என் வாணலியில் வந்த தீர்ப்பு: வழுக்குகிற எண்ணெயைப் பாத்திரத் திரவமே எடுத்துவிட்டது. மஞ்சள் கோந்தை சலவை சோடாவும் ஸ்பிரேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி இளக்கின. கறுப்பு ஓடு மட்டும் நாலுக்கும் அசையவில்லை. சலவை சோடாவின் விலை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: கறுப்பு ஓட்டுக்கு

எவர்சில்வராக இருந்தால் மட்டும். வாணலி அமுங்குகிற பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கணக்கில் சலவை சோடா போட்டு, இருபது நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்படியே ஆறவிட்டு, கையுறையோடு எடுத்துக் கம்பி நாரும் சபீனா மாதிரி பொடியும் போட்டுத் தேயுங்கள். ஒரே தடவையில் முழுக்க வராது. இரண்டு மூன்று முறை செய்தால் ஏடு ஏடாக வரும்.

ஆப்ப சோடா போதாதா? அது மிக லேசான காரம், பி.எச். (7-க்கு மேல் ஏற ஏறக் காரம் கூடுதல் என்று காட்டும் அளவு) 8-ஐ ஒட்டி இருக்கும். சலவை சோடாக் கரைசல் 11 வரை போகும். அது கொழுப்பை உடைத்துக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடும். விறகுச் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாட்டிமார் விளக்கியதும் இதே கூட்டணிதான்: சாம்பலில் காரம், கூடவே உரசல்.

ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றிப் பொங்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். பொங்குகிற அழகுக்காகத்தான் அந்தக் காட்சி. புளியும் எலுமிச்சையும் பித்தளை, செம்பின் களிம்புக்குத்தான். எண்ணெய் ஓடு அவற்றுக்கு மசியாது. கழிவறை கழுவும் ஆசிட்டைப் பாத்திரத்தில் ஊற்றுவதும் ஒரு 'டிப்ஸ்' ஆக உலவுகிறது. வேண்டவே வேண்டாம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

இரும்புத் தோசைக்கல்லை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். நாம் பழக்கி எடுத்த அந்தக் கறுப்பும் இறுகிய எண்ணெய்தான். சோடாவில் கொதிக்க வைத்தால் அடுத்த தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

பாட்டிலில் சொன்னதற்கும் உங்கள் மூலையில் நடந்ததற்கும் ரொம்ப தூரம் என்றால், போட்டோக்களோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மீதி ஸ்பிரேயைக் கொட்டிவிட வேண்டாம். அடுப்படிச் சுவர் டைல்ஸில் தெறித்த தாளிப்பு எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது விளம்பரத்தில் வருகிற மாதிரியே வேலை செய்கிறது.