கடை கண்ணாடில தெரியுற ரிஃப்ளெக்ஷனை வரையுறது எப்படி

போட்டோ மாதிரியே வரையுற போட்டோரியலிசம் பாணில பேர் போன அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் எஸ்டெஸ் வரைஞ்ச நியூயார்க் கடை ஜன்னலைப் பாத்தா எல்லாரும் போட்டோன்னுதான் நெனப்பாங்க, ஆனா ஒரே போட்டோல அப்படி கெடைக்கிறது கஷ்டம், கடைக்குள்ள ஃபோகஸ் வச்சா பிம்பம் கலங்கும் பிம்பத்துல வச்சா உள்ள கலங்கும், அவரு பல போட்டோவ வச்சுகிட்டு எல்லாத்தையும் ஒரே கூர்மையா வரைஞ்சாரு. நாமளும் அப்படித்தான் பண்ணப்போறோம்.

முதல்ல போட்டோ. எதிர் வரிசைல நல்ல வெயில் அடிக்கணும், கடைக்குள்ள லைட் எரியணும். நின்ன இடத்துலயே மூணு எடுங்க, ஒவ்வொன்னுலயும் ஃபோகஸ் வேற: உள்ள இருக்குற பொருள், கண்ணாடி மேல இருக்குற எழுத்து, பிம்பம். எதிர் கட்டடம் கண்ணாடிலருந்து 10 மீட்டர்னா, பிம்பமும் கண்ணாடிக்குப் பின்னால 10 மீட்டர்ல இருக்குற மாதிரிதான் லென்ஸுக்கு. போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால மாட்டி பிரதிபலிப்ப குறைக்கிற கண்ணாடி) இருந்தா கொஞ்சம் சாய்வா நின்னு அத திருப்பி இன்னொன்னு எடுத்துக்கோங்க, பிம்பம் மங்கி உள்ள என்ன இருக்குன்னு தெளிவா தெரியும்.

அடுத்து டிராயிங். 12க்கு 16 இஞ்ச் கேன்வாஸ் போதும், முழு கடை வேணாம், ஜன்னல்ல ஒரு மூலை எடுங்க. கிரிட் (கட்டம் கட்டமா கோடு) போட்டு உள்ள இருக்குறதுக்கு ஒரு கலர் பென்சில், பிம்பத்துக்கு வேற கலர். பிம்பத்துல எதிர்கடை போர்டு எழுத்து இடம் வலமா மாறும், மறந்துடாதீங்க. கண்ணாடிக்கு நேர் செங்குத்தா போற கோடெல்லாம், கடைக்குள்ள ஷெல்ஃபா இருந்தாலும் பிம்பத்துல தெரியுற சுவரா இருந்தாலும், ஒரே மறைபுள்ளிலதான் (தூரத்துல கோடெல்லாம் சேர்ற மாதிரி தெரியுற புள்ளி) சேரணும்.

இப்ப முக்கியமான விஷயம். நிறைய பேரு கடையோட உள்பக்கத்த முழுசா வரைஞ்சிட்டு மேல வெள்ளைய தண்ணியா பூசுறாங்க, எல்லாம் பால் ஊத்தின மாதிரி ஆயிடும். ஏன்னா உள்ளேருந்து வர்ற வெளிச்சமும் பிம்பத்தோட வெளிச்சமும் கூடுது, ஒன்ன ஒன்னு மூடுறதில்ல. நேரா பாக்குறப்ப சாதாரண கண்ணாடி திருப்பி அனுப்புறது சுமார் 8 சதவீத வெளிச்சம்தான், அதனால உள்ள இருட்டா இருந்தா பிம்பம் ஜெயிக்கும், பல்பு எரியுற இடத்துல பல்பு ஜெயிக்கும். வானம் விழுற இடத்துல உள்ள ஒன்னுமே தெரியாது, இருட்டான மரமோ உங்க உடம்போ விழுற இடத்துல ஜன்னல் தொறந்த மாதிரி உள்ள தெரியும். அதனால உங்க உருவத்த அழிச்சிடாதீங்க ப்ளீஸ், எஸ்டெஸ் 1976ல வரைஞ்ச டபுள் செல்ஃப் போர்ட்ரைட்ல அவரே கண்ணாடிக்குள்ள நிக்கிறாரு (நியூயார்க்ல இருக்குற மோமாங்கிற நவீன கலை மியூசியத்துல இருக்கு).

ஒவ்வொரு திட்டுக்கும் தனியா கலர் கலந்து அப்படியே வைங்க. அடில அக்ரிலிக்ல வெளிச்சம் இருட்ட மட்டும் சீக்கிரமா போட்டுட்டு, காஞ்சதும் ஆயில்ல டீடெயில், இது எஸ்டெஸ் வழிதான். பிம்பத்த வேணும்னே கலங்கலா வரையாதீங்க, இந்த பாணியோட உயிரே அந்த கூர்மைதான்.

கண்ணாடி மேல இருக்குற எழுத்து, ஸ்டிக்கர், ஃப்ரேமோட பளபளப்பு எல்லாம் கடைசில. அந்த எழுத்தோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கட்டும், அது விழுந்ததும் பிம்பமும் கடையும் தானா பின்னால போயிடும்.