மரத்தரை நனைந்துவிட்டதா? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிடுவோம். மொசைக், டைல்ஸ் தரைக்கு அது சரி. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) பார்க்கே மரத்தரை போட்டிருந்தால், அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

நாம் ஊற்றாமலும் தண்ணீர் வரும். மேல்வீட்டுக் குளியலறை கசியலாம், வாஷிங் மெஷின் குழாய் கழன்றுகொள்ளலாம். எனக்கு வந்தது ஏர்கோனால் (நம் ஊர் ஏசி). தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்து, சுவரோரமாக இறங்கிக் கட்டிலுக்கடியில் தேங்கியிருக்கிறது. பலகை விளிம்பு காலில் தட்டும் வரை எனக்குத் தெரியாது. உள்குழாய் ஒழுகுகிறதோ என்று சந்தேகம் வந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் ஒழுகல் இருக்கிறது. ஏர்கோன் நீரும் மேல்வீட்டு நீரும் இதில் அகப்படாது.

முதலில் அந்தப் பக்கத்து பிளக்குகளுக்கு மின்சாரத்தை அணையுங்கள். ஒழுகலை நிறுத்தி, நீரை ஒற்றியெடுத்து, பாய், கம்பளம், கட்டிலை நகர்த்துங்கள். ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்தால் காய்ந்துவிடும் என்று நினைப்போம். இங்கே காற்றின் ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், சாயங்கால மழை வந்தால் இன்னும் ஏறும். அதனால் ஜன்னலை மூடி, மின்விசிறியைத் தரையோரம் வைத்து, ஏர்கோனை டிரை மோடில் ஓடவிடுங்கள். ரிமோட்டில் தண்ணீர்த்துளிப் படம் இருக்கும். (ஒழுகியதே ஏர்கோன் என்றால் முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்!) ஈரம் உறிஞ்சும் இயந்திரம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலே காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பலகையின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊதி, மேற்பக்கம் காய்ந்து சுருங்கினால், விளிம்புகள் தூக்கி நடு பள்ளமாகும். அதைப் பார்க்கச் சகிக்காமல் மூன்றாம் வாரமே ஆளைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். தரை சமமாகத்தான் ஆனது. அடிப்பக்கமும் காய்ந்த பிறகு, விளிம்பு இழைந்துபோன பலகைகள் நடுவில் மேடு தட்டின. கூலி போனது, தரையும் போனது. பொறுத்திருந்தால் பள்ளம் பெரும்பாலும் தானே குறைந்திருக்கும். ஓரிரு மாதமானாலும் காத்திருங்கள். பெயர்ந்த பலகை இருந்தால் எடுத்துவிட்டு, அடியிலுள்ள சிமெண்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் டேப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளுக்கடியில் துளிகள் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

லேமினேட் தரை என்றால் கதை வேறு. அது அழுத்திய மரநாரில் செய்தது. ஊதினால் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். எந்தத் தரையானாலும் ஈர மரத்துக்குக் கரையான் வரும், மூலைகளில் மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

வீட்டு ஓனருக்கு முதல் நாளே படங்களோடு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். இங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட்டாக அவரிடம் இருக்கும். பிறகு சொன்னால் தரைக்கான பணத்தை அதில் கழிக்கப் பார்ப்பார். மேலிருந்து கசிந்தால் கொண்டோ நிர்வாக அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, அறிவிப்பு கிடைத்த 7 நாள்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும், பிறகு சோதனைச் சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை கசிவு மேல்வீட்டிலிருந்துதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மேல்வீட்டுக்காரரோடு வாசலில் நின்று சண்டை போட வேண்டியதில்லை.

குழாய்க்காரரைத் தேடும்போது 'துக்காங் பைப்' என்று கேளுங்கள். ஒழுகலுக்கு மலாயில் 'போச்சோர்'. காவலாளிக்கு இந்த ஒரு சொல்லே போதும், உடனே மேலே ஏறி வந்துவிடுவார்.