இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுதணுமா? "எனக்கு"ல இருந்து ஆரம்பிங்க

தமிழ் மீடியத்துல படிச்சிட்டு சென்னைக்கு வேலைக்கு வந்த நிறைய பேருக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாம இல்ல, அத கோர்க்கத்தான் வரல. அதுக்காக கிராமர் புக்க முதல் பக்கத்துல இருந்து மனப்பாடம் பண்ணாதீங்க. தமிழும் இங்கிலீஷும் எந்த இடத்துல வேற வேற வழியில போகுதுன்னு பாருங்க, பாதி தப்பு அங்கதான் இருக்கு.

போன வாரம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் ஹெச்ஆருக்கு அனுப்ப மெயில் அடிச்சி காட்டுனான். "மீ லாஸ்ட் மன்த் சேலரி நாட் கம்". "எனக்கு போன மாசம் சம்பளம் வரல"ங்கறத வரிசை மாறாம அப்படியே போட்டிருக்கான், அவ்ளோதான். ஐ-ல ஆரம்பி, ஒட்டுனாப்ல வினைச்சொல்ல போடு, மிச்சமெல்லாம் பின்னாடி வரட்டும்னேன். "ஐ டிட் நாட் கெட் மை சேலரி லாஸ்ட் மன்த்"னு அவனே மாத்திட்டான்.

இந்த "எனக்கு" பல இடத்துல ஐ ஆயிடும். எனக்கு பசிக்குதுன்னா ஐ ஆம் ஹங்ரி, எனக்கு தெரியும்னா ஐ நோ, எனக்கு ரெண்டு அண்ணன்னா ஐ ஹேவ் டூ எல்டர் பிரதர்ஸ் (ஐ ஆம் ஹேவிங்னு போடாதீங்க). ஆனா ஒருத்தர் எனக்கு குடுத்தார்னா அங்க மீ தான், ஹி கேவ் மீ.

நாம "நேத்து போனேன்"னு மட்டும் சொன்னாலே போனது யாருன்னு அந்த வார்த்தையோட முடிவே சொல்லிடும், இங்கிலீஷ்ல வென்ட்னா நானா நீயா அவங்களான்னு தெரியாது, அதனால ஆள விடவே கூடாது. மழை பெய்யுதுன்னா கூட ஒரு இட் வேணும், இட் இஸ் ரெயினிங்.

டிட் வந்தாச்சுன்னா இறந்தகாலத்த அதுவே சுமந்துக்கும், டிட் நாட் வென்ட் இல்ல, டிட் நாட் கோ. டிஸ்கஸ் பக்கத்துல அபவுட் வேண்டாம்.

எல்லாரும் பயப்படுறது ஏ-வும் தி-யும் எங்க போடறதுன்னு. நம்ம பாட்டிங்க கதை சொல்றத நெனச்சு பாருங்க: ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணாம். முதல் தடவை சொல்றப்ப "ஒரு", அது ஏ. கேக்குறவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சப்புறம் "அந்த", அது தி. எல்லா இடத்துக்கும் இது ஒத்து வராது, ஆனா நிறைய இடத்துல கைகொடுக்கும். ஏ-வா ஆன்-ஆங்கறத காதுதான் சொல்லணும், எழுத்து இல்ல. மணி நேரத்த சொல்ற hour எச்-ல ஆரம்பிச்சாலும் காதுல விழறது "அ", அதனால ஆன் அவர்; university யு-ல ஆரம்பிச்சாலும் காதுல விழறது "யூ", அதனால ஏ யூனிவர்சிட்டி.

தாம்பரத்துல ட்ரெயின் ஏறுனா எக்மோர் வர்றதுக்குள்ள அஞ்சு வாக்கியம் எழுதலாம், ஜன்னல்ல பாத்தது, காலைல சாப்பிட்டது, எதுவானாலும் சரி. எழுதுறப்ப திருத்தாதீங்க. இறங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் யாரு, என்ன பண்ணாங்கன்னு சொல்ற ரெண்டு வார்த்தைக்கு கீழ கோடு போடுங்க, எந்த வாக்கியத்துல கோடு போட ஆளே கிடைக்கலயோ அத மட்டும் திருப்பி எழுதுங்க.