கீரையை விடாமலே ஐஎன்ஆர் சீரானது

அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் நோய். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டதுதான் மூலம். ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு இவ்வளவு சுருங்கியவர்களுக்குப் ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகளைவிட, அதே வேலைக்கான பழைய மருந்து வார்ஃபரின்தான் சரி என்றார் டாக்டர். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவான ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்கே நின்றது? ஒரு முறை 1.4, அடுத்த முறை 3.8.

காரணம் வாசலில் நின்ற முருங்கை மரம். தழைத்தால் வாரம் முழுக்கக் கீரை, பூச்சி விழுந்தால் ஒன்றுமே இல்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையே கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், அதெல்லாம் தேவைப்படவில்லை. செவ்வாய், வெள்ளி, ஒரே கிண்ணம் என்று வைத்துக்கொண்டோம். அதற்கேற்ப டாக்டர் டோஸை மாற்றினார். ரத்தக்கசிவு வரலாம் என்று மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்தினார். மாத்திரை இரவு சீரியல் முடிந்ததும். காலண்டரில் அம்மாவே டிக் போடுகிறார். இப்போது 2.4, 2.6 என்றுதான் வருகிறது. அப்புறம் பல் பிடுங்க வேண்டி வந்தபோது, மாத்திரையை நாங்களாக நிறுத்தாமல் ஐஎன்ஆர் சீட்டைப் பல் டாக்டரிடம் முதலில் காட்டினோம்.