இறந்தவரின் பொருட்களைப் படமெடுப்பது எப்படி? செல்போன் போதும்

வீட்டில் ஒருவர் தவறி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்ததும் பீரோவைத் திறப்பார்கள். நல்ல புடவைகள் சொந்தக்காரர்களுக்கு, மீதி இல்லாதவர்களுக்கு, மருந்து அட்டைகள் குப்பைக்கு. ஒரே மத்தியானத்தில் பீரோ காலியாகிவிடும். அதற்கு முன்னால் அந்தப் பொருட்களைப் படமெடுத்து வையுங்கள். அழுகையும் வராமல் பேச்சும் வராமல் கிடக்கிற நாட்களில் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். போனவரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவும் முடியும்.

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் இஷியுச்சி மியாகோ இப்படிச் செய்தவர். 2000-இல் அவருடைய அம்மா இறந்தார். அம்மாவோடு அவருக்கு ஒத்துப்போனதில்லை. அம்மா விட்டுச்சென்ற உள்ளாடைகள், உபயோகித்துத் தேய்ந்த லிப்ஸ்டிக், முடி சிக்கிய பிரஷ், பல்செட் என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். 2005-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில், ஜப்பான் அரங்கில் அந்தப் படங்கள்தான் இருந்தன. சண்டை போட்ட அம்மாவுக்காகவும் துக்கப்படலாம் என்பதற்கு அவை எனக்குத் தைரியம் தருகின்றன.

1. கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்

அப்பாவின் பொருள் என்றால் முதலில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இப்ப வேண்டாம்பா" என்றால் விட்டுவிடுங்கள். எதையும் கொடுத்துவிடாமல் ஒரு பையில் எடுத்துவைத்தால் போதும், படம் பிறகு எடுக்கலாம்.

2. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

விலை உயர்ந்தது வேண்டாம். அவர் கை பட்டுத் தேய்ந்தது எது என்று தேடுங்கள்: குடையின் பிடி, மடிப்பு கிழிந்த ரேஷன் கார்டு உறை, மஞ்சள் ஏறிய அஞ்சறைப் பெட்டி. நாலைந்து போதும். முக்கியமாக, துவைக்காதீர்கள், துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நாம் எடுக்கப்போவதே அந்தக் கறையையும் கசங்கலையும்தான்.

3. ஜன்னல் வெளிச்சம்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம் ஒரு பலகையோ ஸ்டூலோ போட்டு, மேலே ஒரே நிறத் துணி விரியுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள், வெளிச்சம் மென்மையாகிவிடும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெட்டுப்போகும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் நெளிவும் கீறலும் தெரியும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை சார்ட்டையோ தெர்மாகோலையோ நிறுத்துங்கள்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை இப்படித்தான் எடுத்தேன். வலது காதுப் பிடி கழன்றதால் செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தார். கம்பியின் முனை காதைக் குத்தாமல் இருக்க அதை உள்பக்கம் மடித்து, தட்டித் தட்டிச் சப்பையாக்கியிருந்தார். அந்தக் கண்ணாடியோடு அவரைத் தினமும் பார்த்தவன் நான். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அந்த முனை என் கண்ணில் பட்டது. எத்தனை பொறுமையாக உட்கார்ந்து தட்டியிருப்பார்!

4. போனில் செய்ய வேண்டியது

லென்ஸைத் துடையுங்கள். ரொம்ப நெருங்கினால் பொருள் உப்பிக் கோணலாகத் தெரியும். ஓரடி தள்ளி நின்று ஜூமை 2x வையுங்கள். எந்தத் தடம் முக்கியமோ அதைத் திரையில் தொட்டு, விரலை அப்படியே அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளை வேட்டியை போன் சாம்பல் நிறமாக்கிவிடும், அப்போது சற்றே கூட்டுங்கள். கறுப்புக் குடையையும் வெளிறவைக்கும், அதற்குக் குறையுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒரு பொருள்

முதலில் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள், அப்புறம் எடுங்கள். அழுகை வந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு அழுங்கள், நாளைக்குத் தொடரலாம். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் படமெடுப்பது அதற்கு மருந்தாகாது. இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணில் உடனே பேசுங்கள்.

6. பிரிண்ட் போடுங்கள்

போனிலேயே கிடந்தால் ஆயிரம் படத்தில் ஒன்றாகிவிடும். ஸ்டூடியோவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படத்தின் தரம் குறைந்துவிடும். 4x6 அளவு, பளபளப்பில்லாத மேட் தாள் நன்றாக இருக்கும்.

பிரிண்டை வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்து அந்தப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, எப்போது உடைந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதைப் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும் என்பதால் மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர் நல்லது. மை காய்ந்த பிறகே ஒன்றின்மேல் ஒன்று அடுக்குங்கள்.